ஓடுகிறது என்பதும் சரியாக ஓடுகிறது என்பதும்

கணினிச் செயலியை அதன் தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். தமிழில் மிகைமுடுக்கம் என்று எழுதிப் பார்த்தேன். வண்டி மாட்டை வாலை முறுக்கி ஓட்டும் காட்சி மனதில் வந்தது. பொருள் அளவில் அது தவறான காட்சியும் அல்ல. ஆனாலும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் கம்பம் பள்ளத்தாக்குவரை எல்லோர் வாயிலும் ஓவர்கிளாக் என்றே புழங்குவதால் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் நண்பர்களில் பலர் இப்போது பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி வழியாக ஓட்டி, மெய்ப்புப் பார்த்து மின்னூலாக்கும் வேலையில் இருக்கிறார்கள். முந்நூறு பக்கத் தொகுதி ஒன்று இரவெல்லாம் ஓடும். ‘இன்னும் கொஞ்சம் வேகமாக முடிந்தால் என்ன’ என்ற ஆசை அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எழுதுவதற்கு மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு ஓவர்கிளாக்கிங்கால் ஒரு நொடிகூட மிச்சமாகாது. நம் விரல்தான் அங்கே தாமதம். எழுத்துணரி, ஒலிப்பதிவு, காணொளித் தொகுப்பு போன்ற வேலைகளில் மணிக்கணக்கில் மிச்சமாகலாம்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, இது விளையாட்டுப் பையன்களின் வேலை, பெரியவர்கள் தொடக்கூடாது என்பது. மற்றது, “அண்ணே, ரெண்டு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல” என்பது. முதல் கட்சியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாவதோடுதான் சண்டை. ஓடுகிறது என்பதை வைத்துச் சரியாக ஓடுகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

முதலில், குறித்த வேகத்துக்கு மேல் ஓட இடம் ஏன் இருக்கிறது என்று பார்ப்போம். ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சோதித்துத் தரம் பிரித்து வெவ்வேறு வேகம் குறித்து விற்கிறார்கள். குறைந்த விலைச் சரக்குக்குச் சந்தையில் தேவை அதிகமானால், கூடுதல் வேகத்துக்குத் தகுதியான சில்லும் குறைந்த வேகத்து முத்திரையோடு வெளியே வரும். இதன் புகழ்பெற்ற உதாரணம் 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. அதன் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் தாய்ப்பலகையின் பாட்டை வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் 300 என்று விற்ற செயலி 450இல் ஓடியது. பெருக்கெண்ணுக்குப் பூட்டு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. தொண்ணூறுகளில் சில வியாபாரிகள் மலிவுச் செயலியின் முத்திரையை அழித்து, கூடுதல் வேகத்தைப் பொறித்து விற்றார்கள். அந்த மோசடிக்கு எதிரான ஏற்பாடு அது.

அடுத்தது வெப்பம். செயலி உண்ணும் மின்சாரம் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். இந்த ‘இருமடி’யில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுகிறோம், அது நிலைக்க மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.35க்கு ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தில் கிடைத்தது இருபது சதவீதம். வெப்பத்தில் கொடுத்தது ஏறத்தாழ ஐம்பத்திரண்டு சதவீதம். 65 வாட் உண்டது 99 வாட் உண்ணும். அந்த வெப்பத்தைக் கடத்த ஹீட்சிங்க் வேண்டும், விசிறி வேண்டும், பெட்டிக்குள் காற்றோட்டம் வேண்டும். வீட்டுக்கு வீடு இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவில்தான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த செயலியும் ஒரு கிராஃபிக்ஸ் அட்டையும் சேர்ந்தால் அது கரண்டு போன அதே நொடியில் கையை விரித்துவிடும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் பட்ட மின்வெட்டை மறக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி என் உண்மையான கவலைக்கு வருகிறேன். செயலி தன் எல்லையைத் தாண்டும்போது கணினி நின்றுபோகும், நீலத்திரை வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வந்தால் நல்லது. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் பணியாற்றும் ரேமண்ட் சென் 2005இல் எழுதிய ஒரு குறிப்பு உண்டு. பயனர்களின் கணினிகளிலிருந்து வந்த பழுதறிக்கைகளை ஆராய்ந்தபோது, தவறவே வாய்ப்பில்லாத ஓர் ஆணையில் சில கணினிகள் விழுந்திருந்தன. ஒரு பதிவகத்தைச் சுழியமாக்கும் ஆணை அது. நினைவகத்தைத் தொடுவதில்லை, வகுத்தல் பெருக்கல் எதுவும் இல்லை. விசாரித்தால் அவை ஓவர்கிளாக் செய்த கணினிகள். அவற்றுள் சில, வாங்கியவருக்கே தெரியாமல் விற்றவரால் அப்படி ஆக்கப்பட்டவை. மலிவு விலையின் ரகசியம் அதுதான். பிறகு 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பத்து லட்சம் கணினிகளின் பழுதறிக்கைகளை வைத்து வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது. ஓவர்கிளாக் செய்தவை பல மடங்கு அதிகம் விழுந்தன. குறித்த வேகத்துக்குக் கீழே ஓடியவை இன்னும் குறைவாக விழுந்தன.

விழுந்தவை கணக்கில் வந்தன. விழாமல் தவறாக எழுதியவை? ஒரு கோப்பைச் சுருக்கும்போதோ பிரதியெடுக்கும்போதோ ஒரே ஒரு துகள் (பிட் என்பதைச் சொல்கிறேன்) புரண்டுவிட்டால், கணினி எதையும் அறிவிக்காது. இது அரிது. ஆனால் தமிழ்ப் பிரதிக்கு இதில் தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. இதுவரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ர என்பது 2992, ற என்பது 2993. ல 2994, ள 2995. ந 2984, ன 2985. உயிரெழுத்தில் எ 2958, ஏ 2959. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் 3014, 3015. கொகரக் கோகரக் குறிகள் 3018, 3019. எல்லாம் இரட்டைப்படையும் அடுத்த ஒற்றைப்படையும். இரும எண்ணில் இவற்றுக்கிடையே வேறுபாடு கடைசித் துகள் ஒன்றுதான். அது சுழியத்திலிருந்து ஒன்றாகப் புரண்டால் கலை களையாகும், அரம் அறமாகும், எடு ஏடாகும், கொல் கோலாகும். ‘இரந்தார்’ என்று எழுதிய இடத்தில் ‘இறந்தார்’ என்று நிற்கும். எல்லாம் நல்ல தமிழ்ச்சொற்கள். எழுத்துப்பிழை திருத்தி எதையும் பிடிக்காது. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டால் தட்டச்சு செய்தவரைத் திட்டுவார்; ஏனென்றால் ரகர றகர, லகர ளகர மயக்கம் மனிதர்கள் செய்யும் அதே பிழை. மூல இதழ் கையில் இல்லாவிட்டால் ஆசிரியரின் பிழையாகவே அது வரலாற்றில் நின்றுவிடும்.

மிகைப்படுத்தக் கூடாது. கோப்பில் ஒரு தமிழெழுத்து மூன்று பைட், அதாவது 24 துகள். அவற்றில் ஒன்று மட்டுமே இப்படி ஒளிந்துகொள்ளும் புரளல். மற்றவை பெரும்பாலும் கண்ணில் படும். அதிலும் ஒரு வேடிக்கை: இந்திய மொழிகளின் எழுத்துகளை யூனிகோடில் இணையாக அடுக்கியிருப்பதால், நம் ல நடுப் பைட்டில் ஒரு துகள் புரண்டால் ஒடியா ல ஆகும், வேறொன்று புரண்டால் குஜராத்தி ல, இன்னொன்று புரண்டால் வங்காள ல. கடைசியாக ஒன்று புரண்டால் தமிழிலேயே ஆயிரத்தைக் குறிக்கும் ௲ ஆகிவிடும். ல என்ற ஒலி மாநிலம் மாநிலமாகச் சுற்றி வருகிறது. இதெல்லாம் பார்த்த உடனே தெரிந்துவிடும் பிழைகள்.

ஆகவே ஓவர்கிளாக் செய்வது தவறா? இல்லை என்பதே என் கருத்து. சோதிக்காமல் விடுவது தவறு. அதிலும் பிறர் எழுத்தைச் சுமக்கும் கணினியில் சோதிக்காமல் விடுவது பெருந்தவறு.

சோதனை என்றால் என்ன? விடை முன்பே தெரிந்த கணக்கைக் கடுமையாகப் போடவைத்து, விடையை ஒப்பிடுவது. இதற்குப் பலரும் பயன்படுத்தும் பிரைம்95 என்ற நிரல், மெர்சென் பகா எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய கூட்டுத்திட்டத்தின் பிள்ளை. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு துகள் தவறினாலும் எல்லாம் வீண் என்பதால் அதற்குள்ளேயே பிழை காணும் ஏற்பாடு இருந்தது. அதையே செயலியைச் சோதிக்கவும் எடுத்துக்கொண்டார்கள். எண்கோட்பாட்டுக்கும் செயலிகளுக்கும் பழைய உறவு உண்டு. 1994இல் பென்டியம் செயலியின் வகுத்தல் பிழையைக் கண்டுபிடித்த தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்த கணிதப் பேராசிரியர். 2016இல் இன்டெலின் ஸ்கைலேக் செயலிகள் உறைந்துபோகும் குறை வெளிப்பட்டதும் பிரைம்95 ஓட்டியபோதுதான். யாருக்கும் பயன்படாத கணக்கு என்று சொல்வார்கள்.

செய்முறை கடினமானதல்ல, பொறுமைதான் வேண்டும். முதலில் எதையும் மாற்றாமல், வாங்கிய நிலையிலேயே சோதிக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. அடித்தளமே ஆடுகிறதென்றால் மேல்மாடியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நினைவகத்தை மெம்டெஸ்ட் நிரலால் ஓரிரவு முழுக்க ஓட்டிப் பார்ப்பது இதில் அடக்கம். நினைவகப் பட்டையின் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்காகப் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கியிருந்தால், அதுவே ஓர் ஓவர்கிளாக்தான் என்பது பலருக்குத் தெரியாது. கோப்பில் துகள் புரள்வதற்கு முதல் சந்தேகம் நினைவகத்தின் மேல்தான் விழ வேண்டும்.

பிறகு பெருக்கெண்ணை ஒரு படி மட்டும் ஏற்றி, மின்னழுத்தத்தைத் தொடாமல் அரைமணி சோதிக்கலாம். நின்றால் இன்னொரு படி. தவறினால் மின்னழுத்தத்தை நூற்றில் ஒன்றிரண்டு வோல்ட் மட்டும் கூட்டி மீண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது. மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு படியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இனி ஏற்றினால் வெப்பம் தாங்காது, அல்லது மின்னழுத்தத்தைக் கூட்டியும் பயனில்லை என்ற இடம் வரும். அங்கிருந்து ஓரிரு படி இறங்கிவந்து நிற்பவரே விவரமானவர். அந்த நிலையில் பன்னிரண்டு மணி நேரமாவது தொடர் சோதனை. செயலியை மட்டும் வருத்தும் சிறிய கணக்கு, நினைவகத்தையும் சேர்த்து வருத்தும் கலப்புக் கணக்கு இரண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘பத்து மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதானே’ என்பவரிடம் நான் கோப்பைக் கொடுக்க மாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். முழுச்சுமையில் நிற்கும் கணினி சும்மா இருக்கும்போது விழுவதுண்டு. சுமை குறையும்போது மின்னழுத்தமும் இறங்கும். இறங்கிய அழுத்தத்தில் சட்டென்று வேகம் ஏறும்போது தடுமாறும். ஆகவே சுமையை ஏற்றி இறக்கியும் பார்க்க வேண்டும். ஒருநாள் சும்மா போட்டும் வைக்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருள் பிழை என்று ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருத்தப்பட்ட பிழை என்று அங்கே இருந்தாலும் அது எச்சரிக்கைதான். மற்றது தட்பவெப்பம். ஹீட்சிங்க் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. அறையைவிட ஐம்பது பாகை கூடுதலாகச் செயலி நிற்கிறது என்றால், மார்கழி இரவின் 20 பாகையில் அது 70. சித்திரை மதியத்தின் 37இல் 87. இன்டெலின் பல செயலிகள் 100 பாகையில் தம்மைத் தாமே வேகம் குறைத்துக்கொள்ளும். நம் கூடலூர் மலையடிவாரம், தேனியைவிடக் கொஞ்சம் இதம் என்று நாம் பெருமைப்படலாம். செயலிக்கு அந்தப் பெருமை புரியாது.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எல்லை, பாதுகாப்பு, சோதனை என்றெல்லாம் எழுதும்போது அணையைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியாது. கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போனால் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களும் கீழே மின்நிலையமும் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் இந்தப் பள்ளத்தாக்கு இருபோகம் காண்கிறது. “முல்லைப் பெரியாறு அணையையும் ஓவர்கிளாக் செய்கிறார்கள்” என்று ஒரு நண்பர் விளையாட்டாகச் சொன்னார். விளையாட்டுக்கும் அது சரியில்லை. 1895இல் பென்னிகுவிக் முடித்த அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 1979இல் பாதுகாப்பு அச்சம் எழுந்தபின் 136 அடிக்கு இறக்கப்பட்டது. அணையின் தலையில் கான்கிரீட் பாரம் ஏற்றி, மேலிருந்து துளையிட்டு எஃகு வடங்களை அடிப்பாறையில் நங்கூரமிட்டு, பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். உச்ச நீதிமன்றம் 2006இலும், நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2014இலும் 142 அடிக்கு அனுமதித்தது. ஆக, நடந்தது மிகைமுடுக்கம் அல்ல. குறித்த அளவுக்கும் கீழே இறக்கிவைத்து, பலப்படுத்திய பின் ஒரு பங்கை மட்டும் மீட்டது. கணினி மொழியில் சொன்னால் இன்னும் அண்டர்கிளாக் நிலைதான்.

ஆனால் ஒப்பீடு முறிகிற இடம் வேறு. செயலியை விழும்வரை ஓட்டிப் பார்த்து, விழுந்த இடத்திலிருந்து இரண்டு படி இறங்கலாம். அணையில் அந்தச் சோதனை கிடையாது. அங்கே கசிவு நீரை அளக்கிறார்கள், சாய்வை அளக்கிறார்கள், நிலநடுக்கத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். விழாமலே அறிய வேண்டியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அணைக்குக் கீழே வீடு வைத்திருப்பவரின் பயத்தை வெறும் அரசியல் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அதேபோல அளந்து எழுதிய எண்களைப் படிக்காமலே மறுப்பதையும் ஏற்க முடியவில்லை.

தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் இருந்தால் கவலையில்லை என்ற நம்பிக்கையும் அண்மையில் ஆட்டம் கண்டது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பல, யாரும் முடுக்காமலே தடுமாறத் தொடங்கின. செயலியின் உள்நிரல் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதே முக்கியக் காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே சொன்னது. திருத்தம் வெளியிட்டார்கள், உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே தேய்ந்த சில்லைத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை. போட்டி முற்றியதில் தயாரிப்பாளர்களே விளிம்புவரை ஓட்டி விற்கத் தொடங்கிவிட்டார்கள். செலரான் காலத்தில் நமக்கு விட்டுவைத்த ஐம்பது சதவீதம் இப்போது இல்லை. டர்போ, பூஸ்ட் என்ற பெயர்களில் அதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இன்றைய செயலியில் நாம் கையால் முடுக்கிப் பெறுவது பெரும்பாலும் ஐந்து சதவீதத்தைச் சுற்றித்தான். அதற்காக வெப்பத்தையும் உத்தரவாதத்தையும் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு.

இன்று புதுச் செயலி வாங்கும் நண்பருக்கு நான் சொல்வது நேர்மாறான வழி. வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். மேலே சொன்ன இருமடி இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்யும். வெப்பம் இறங்கும், விசிறி அடங்கும், பல நேரம் டர்போ வேகம் நீடித்து நிற்பதால் வேலையும் சற்று சீக்கிரமே முடியும். இதற்கும் அதே சோதனைதான், அதே பன்னிரண்டு மணி நேரம்தான். பழைய கோர் 2 டுவோ போன்ற ஒன்று மூலையில் கிடந்தால் அதை முடுக்கிப் பழகலாம்; கெட்டாலும் நட்டமில்லை.

பிரதிகளைக் காப்பவர்கள் செயலியின் நிலை எப்படியிருந்தாலும் இதைச் செய்யலாம்: ஸ்கேன் படங்களை அழிக்காமல் வேறொரு வட்டில் வைப்பது, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டுத் தனியே எழுதிவைப்பது, எழுத்துணரியை முடுக்கிய கணினியில் ஓட்டியிருந்தால், முடுக்காத இன்னொரு கணினியில் அதே பக்கங்களைச் சிறிதளவாவது ஓட்டி இரண்டு விடையையும் ஒப்பிடுவது. ஒரே நிரல், ஒரே பதிப்பு, ஒரே அமைப்பு என்றால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபாடு வந்தால் பயாஸில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, முதலில் நினைவகத்தைச் சோதியுங்கள். சித்திரையில், பெட்டியின் பக்கத்தகட்டை மூடியே வைத்து.